தத்துவ போதகர் நூல்களில் அறிவின் எல்லையும் தாழ்மையும்

முன்னுரை

இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்னும் பெயரில் தமிழ் நூல்களை இயற்றினார். தமிழ் உரைநடை வரலாற்றில் அவர்க்குரிய இடம் பலராலும் பேசப்பட்டுள்ளது. அவர் நூல்கள் மனித அறிவை எங்கு நம்புகின்றன, எங்கு நிறுத்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிவின் பணியும் எல்லையும்

நொபிலி தாமசு அக்குவினாசின் மரபில் பயின்றவர். கடவுள் உண்டென்பதை அறிவால் உணரலாம். மூவொரு இறைமை, மனுவுருவேற்பு ஆகியவற்றை இறைவன் வெளிப்படுத்தினாலன்றி அறிய இயலாது என்பது அம்மரபின் கொள்கை. ‘ஞானோபதேசம்’ இவ்வடிப்படையிலேயே அமைகிறது. மறைபொருள் அறிவுக்கு மேற்பட்டதேயன்றி முரணானதன்று என்னும் வேறுபாடே இதன் அச்சாணி.

‘புனர் ஜென்ம ஆக்ஷேபம்’ நூலிலோ மறுபிறப்புக் கொள்கை தருக்கத்தால் மறுக்கப்படுகிறது. பிறர் கொள்கைக்குத் தீர்ப்பளிக்கும் அறிவு, தன் சமயத்தின் மறைபொருள்முன் பணிந்து நிற்கிறது. மறுபிறப்பு முரண்பாடுடையது, மறைபொருள் அத்தகையதன்று என நொபிலியின் சார்பில் விடை கூறலாம். எனினும், மேற்பட்டதையும் முரணானதையும் பகுத்துக் காண்பதும் மனித அறிவே. அப்பகுப்பின் வரம்பை இந்நூல்கள் வினவுவதில்லை. எனவே, அறிவு குறித்த பணிவு இங்குச் சமனாகச் செயற்படவில்லை.

வாழ்வில் தாழ்மை

மதுரையில் பரவர்களிடையே முன்னரே பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டசிடமிருந்து விலகி, நொபிலி துறவிக் கோலத்தில் தனித்து வாழ்ந்தார். உயர்குடிப் பிறப்பையும் எடுத்துரைத்தார். பெர்னாண்டஸ் இதனை எதிர்த்தார். பூணூல், குடுமி முதலியவற்றைப் புதுக் கிறித்தவர் சில வரையறைகளுடன் தொடரத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623இல் இசைவளித்தார். எல்லார்க்கும் ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டதாகப் பவுல் கொரிந்தியர்க்கு எழுதியது நொபிலிக்கு அரணாயிற்று. ஆனால், அதே மடலின் தொடக்கம் உலக ஞானத்தையும் உயர்குடிப் பெருமையையும் ஒருங்கே மறுக்கிறது. தாழ்த்தப்பட்டோரிடையே பணியாற்றப் பண்டார சுவாமிகள் என்னும் தனிப்பிரிவு 1640இல் தோன்றியது, நொபிலியின் வழிமுறைக்கிருந்த எல்லையைக் காட்டுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. போதிக்க வந்தவர் சிவதர்மர் என்னும் அந்தணரிடம் மாணவராகி வடமொழி கற்றார். அயல்மொழியில் தம் சமயத்திற்குச் சொல் தேடிய உழைப்பில், அவருடைய தருக்கத்தில் காணாத பணிவு வெளிப்படுகிறது.

முடிவுரை

நொபிலியிடம் தாழ்மை, இறைவன்முன் அறிவு கொள்ளும் நிலையாகத் தெளிவாக விளங்குகிறது. பிற சமயத்தார்முன்னும் எளியோர்முன்னும் அது முழுமை பெறவில்லை. மதுரை மறைப்பணி நூல்களைச் சமூக வரலாற்றோடு இணைத்துப் படித்தாலன்றி இவ்விடைவெளி புலப்படாது.