மத்திய வங்கியின் மொழியும் குறிகட்டுவான் வாசகரும்

இலங்கை மத்திய வங்கி தன் அறிக்கைகளை மும்மொழிகளிலும் வெளியிடுகின்றது. அவை உண்மையில் யாரை நோக்கிப் பேசுகின்றன என்பதே நாம் எழுப்பும் வினா.

2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமென அறிவிக்கப்பட்டது. இது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்வழி பெறப்பட்டது. தேசிய சுட்டெண் அதே மாதம் 73.7 சதவீதத்தைக் காட்டிற்று. எனினும் வங்கியின் பணவீக்க இலக்குக்கு அளவுகோலாய் அமைந்தது கொழும்பின் சுட்டெண்ணே. அதற்கு முந்திய மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டிய படகிற் கடலுக்குச் செல்லும் தீவகத் தொழிலாளிக்கு இதுவே பணவீக்கம்; ஏறத்தாழ நான்கு மடங்கு. சராசரி பொய்யன்று. யாருடைய கூடையின் சராசரி என்பதுதான் அறிக்கையில் உரத்துச் சொல்லப்படுவதில்லை.

மொழியோ மற்றொரு தடை. 2022 ஏப்ரிலில் கொள்கை வட்டி வீதங்கள் ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டன. இதனை 'நாணயக் கொள்கையை இறுக்குதல்' என்பர். கடன்பட்டு வலை வாங்க நினைப்பவர் இனிக் கூடிய வட்டி கட்டவேண்டும் என்பதே அதன் பொருள். ஆங்கில மூலத்தை அறிந்தவருக்கே விளங்கும் தமிழ், மொழிபெயர்ப்பு ஆகுமா?

2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் ஒரு முன்னேற்றமே என்பதை நாம் மறுக்கவில்லை. தொடர்ந்து இரு காலாண்டுகள் இலக்குத் தவறின், வங்கி பாராளுமன்றத்துக்குக் காரணங்கூறி, அதனைப் பொதுமக்களுக்கும் வெளியிடவேண்டும். அப்பொதுமக்களுள் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்போரும் அடங்குவர்.