எந்த வெளிச்சத்தில் பார்ப்பது? – கிட்டார் மாடலிங், மானிட்டர், பிரசன்னா

ஆம்பூரில் முப்பது வருஷம் தோல் ஃபினிஷிங்கில் இருந்தவர் என் மாமா. டியூப்லைட் வெளிச்சத்தில் அவர் எந்த நிறத்துக்கும் ஓகே சொல்லமாட்டார். வாங்குபவர் அனுப்பிய சாம்பிள் துண்டையும் புதிதாக ஸ்பிரே அடித்த தோலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். ஷெட்டுக்குள் ஒன்றுபோல இருந்த இரண்டு பழுப்பும் வெயிலில் வேறு வேறாகிவிடும். "டியூப்லைட்டு பொய் சொல்லும்டா" என்பார். பிறகு கம்பெனியில் நிறம் பார்க்கவென்றே ஒரு பெட்டி வந்தது. உள்ளே டி65 என்ற தரத்தில் ஒரு விளக்கு. பகல் வெளிச்சம் என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு அது. அந்தப் பெட்டிக்குள் பார்த்து இங்கே ஓகே சொன்னால், கடல் தாண்டி இன்னொருவர் அதே மாதிரிப் பெட்டிக்குள் பார்த்து ஓகே சொல்வார்.

கிட்டார் ஆம்ப் மாடலிங்குக்கு எந்த ஸ்பீக்கர் வாங்குவது என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் இந்தப் பெட்டியின் கதையைத்தான் சொல்கிறேன். மானிட்டர் என்பது நிறம் பார்க்கும் விளக்கு. அது அழகாக எரிய வேண்டியதில்லை. இந்த எளிய விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடமும் ஒரு பெரிய அவமானமும் தேவைப்பட்டன.

மாடலிங் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி கிட்டாரில் மட்டும் பிறப்பதில்லை. ஆம்ப்பின் வால்வுகள் சிக்னலை நசுக்கிச் சிதைக்கின்றன. அது கேபினட்டில் உள்ள பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கருக்குப் போகிறது. அந்த ஸ்பீக்கர் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகக் கீழே விழுந்துவிடும். அந்தக் குறைபாடுதான் கிட்டாரின் குரல். கேபினட் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேரடியாகக் கேட்டால் தகரத்தைச் சுரண்டுவது போலிருக்கும். 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற சிவப்புப் பெட்டி இந்தச் சங்கிலி முழுவதையும் கணக்காக மாற்றி மேசைமேல் வைத்தது. 2011-இல் கெம்பர், உண்மையான ஆம்ப்பைக் கேட்டு அதன் சுயவிவரத்தை எடுக்கும் கருவியோடு வந்தது. இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளில் ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க், உள்ளே போனது என்ன, வெளியே வந்தது என்ன என்று பார்த்து ஆம்ப்பைக் கற்றுக்கொள்கிறது. பகலில் கோடு எழுதிச் சம்பாதிக்கும் எனக்கு அது இன்றும் ஒரு சின்ன அற்புதம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாடலருக்குள் ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது; இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற கோப்பாக. அதை நாம் இன்னொரு ஸ்பீக்கர் வழியாகக் கேட்கிறோம். அந்த இரண்டாவது ஸ்பீக்கர் தன் நிறத்தையும் சேர்த்துப் பூசினால், நாம் திருத்துவது எதை என்றே தெரியாது. எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய சமமாகத் தரும் ஃப்ளாட் மானிட்டர் வேண்டும் என்பது இதனால்தான்.

எனக்கு இது தெரியாது. வேலூரில் வாடகை அறையில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல், ஹெட்போனில் சின்னச் சத்தத்தில் ப்ரீசெட் செதுக்கிக்கொண்டிருந்தேன். கீழும் மேலும் ஏற்றி, நடுவைக் குறைத்து, ஒரு பிரம்மாண்டம். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்ச் விழாவில் வாசிக்கப் போனேன். ஹால் ஸ்பீக்கரில் வந்தது தேனீக்கூட்டம். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் அதுவும் காணாமல் போனது. முன்வரிசையில் ஒரு பெரியவர், "தம்பி, உன்னுது ஆன் ஆவலையா?" என்று கேட்டார்.

பழி மாடலர்மேல் இல்லை. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைத்தே கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ராத்திரி நான் ஏற்றிய பேஸும் ட்ரெபிளும் என் காதின் குறைக்கு நான் கொடுத்த நஷ்ட ஈடு. ஹாலில் சத்தம் ஏறியதும் குறை போய்விட்டது. நஷ்ட ஈடு மட்டும் நின்றது. கிட்டார் வாழும் இடமான நடுவை நானே வெட்டி எறிந்திருந்தேன்.

அப்படியானால் நல்ல மானிட்டர் வாங்கினால் போதுமா? இங்கே நம் கருவிப் பேச்சின்மேல் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் இது நிஜ ஆம்ப்பா மாடலா என்று சொல்ல முடிகிறதா என்ற ஒரே பரீட்சையைத்தான் எல்லோரும் வைக்கிறார்கள். தோல் ஊரில் வளர்ந்தவனுக்கு இது அவ்வளவு பெரிய கேள்வியாகத் தெரிவதில்லை. தழும்பும் பூச்சிக்கடியும் உள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்து, சூடான தகட்டால் அழுத்தி, அதன்மேல் நல்ல தோலின் ரேகையைப் பதிப்பதை நாங்கள் சிறுவயதிலேயே பார்த்தவர்கள். நிஜத் தோல்தான், அணிந்திருப்பது இன்னொரு தோலின் முகம். மதிப்புமிக்க வால்வு ஆம்ப்களைப் போர்த்தியிருக்கும் டோலெக்ஸ்கூட தோல் வேஷம் போட்ட வினைல் துணிதான். போலியா அசலா என்பதைவிட, இதை வைத்து என்ன தைக்கப் போகிறோம் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியோடு நான் திரும்பத் திரும்பக் கேட்பது, பிரசன்னாவின் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' (2006). பிரசன்னா எங்கள் பக்கத்து ராணிப்பேட்டைக்காரர். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியலும், பிறகு பாஸ்டனில் பெர்க்லீயில் இசையும் படித்தவர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலி இத்தொகுப்பு. பெயரே 1968-இல் வந்த 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்'டோடு விளையாடுகிறது. ஓவர்டிரைவ் ஏறிய கிட்டார், கூடவே தென்னிந்தியத் தாள வாத்தியங்கள்.

கர்நாடக இசைக்குக் கிட்டாரிடம் உள்ள பெரிய குறை, மீட்டியதும் ஸ்வரம் தேய்ந்துவிடுவது. ஆம்ப் சிக்னலை நசுக்கும்போது இந்தத் தேய்வு மறைந்து, கார்வை நீள்கிறது. தந்தியை இழுத்தும் சறுக்கியும் போடும் கமகம் கடைசி அசைவுவரை கேட்கிறது. ஹெண்ட்ரிக்ஸ் கலகமாக எடுத்த ஒலியைப் பிரசன்னா மூச்சாக எடுத்துக்கொள்கிறார். இத்தொகுப்பின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது இதைத்தான். ராக் முறுக்கையும் ராகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைக்கவில்லை. ஒன்றின் குறைக்கு இன்னொன்றில் மருந்து கண்டிருக்கிறார்.

இதற்கு விலையும் உண்டு. டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும். மெதுவான மீட்டுக்கும் அழுத்தமான மீட்டுக்கும் உள்ள வித்தியாசம் போய்விடும். இரண்டு ஸ்வரம் சேர்ந்தால் மூன்றாவது ஒன்று முளைக்கும். 220 ஹெர்ட்ஸ் ஸட்ஜமும் 330 பஞ்சமமும் சேர்ந்தால் கீழே 110-இல் இன்னொரு ஸட்ஜம் எழும். ராக்கின் பவர் கார்டு இந்த ச–ப ஜோடிதான். தம்புராவின் அடிப்படையும் அதுவே. ஆனால் ஸட்ஜம் ஒலிக்கும்போதே 234-க்கும் 247-க்கும் இடையே ரிஷபம் அசைந்தால், நொடிக்கு 14 முதல் 27 முறை துடிக்கும் ஓர் உறுமல்தான் மிஞ்சும். கமகம் வேண்டுமென்றால் ஒற்றைத் தந்தி. முறுக்கு வேண்டுமென்றால் ச–ப. ராக் ரிஃப்புக்காகச் செய்த ப்ரீசெட்டில் ராகம் வாசித்துவிட்டு மாடலரைத் திட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தொகுப்பில் என் குறை ஒன்றுதான். கிட்டார் அடர்ந்து நிற்கும் இடங்களில் தாள வாத்தியங்கள் பின்னால் போய்விடுகின்றன. ஆனால் இதைச் சொல்லும் முன் எதில் கேட்டேன் என்றும் சொல்ல வேண்டும். போனில் கேட்டால் தாளத்தின் அடிப்பாகம் சுத்தமாக இல்லை. ஐந்து அங்குல மானிட்டரில் அது வருகிறது. எட்டு அங்குலத்தில் அதன் எடை தெரிகிறது. நான் தொகுப்பின் குறை என்று நினைத்திருந்ததில் பாதி என் ஸ்பீக்கரின் குறை.

இதை எனக்குக் காட்டியது மாமாதான். நண்பரின் மகன் வாசித்த மிருதங்கத்தோடு நான் ஒரு ராகம் பதிவு செய்திருந்தேன். ஹெட்போனை மாட்டிவிட்டேன். பாதியில் கழற்றினார். "கிட்டார் நல்லாதான் கீது. தோலு எங்கடா?"

வலந்தலையின் மீட்டு கேட்கிறதே என்றேன். "அது டிக்டிக்னு கேக்குது. தொப்பி எங்க? மிருதங்கத்துக்குப் போடறது பதப்படுத்தாத தோலு. டேனரிக்குள்ள வந்துட்டா அது பேசாது. பேசற தோலை நீ அமுக்கி வெச்சிருக்க."

நான் பேசவில்லை. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) என் அலமாரியில் இருந்தது. மாடு, ஆட்டுத் தோல்களைத் தேர்ந்து, மிருதங்கத்துக்குக் குரல் கொடுக்கும் கைகள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களுடையவை என்பதையும், மேடை அவர்களை எப்படி மறந்தது என்பதையும் படித்து, தலையாட்டி, அடிக்கோடு போட்டவன் நான். அதே நான் கிட்டாரின் அடிப்பகுதியை ஏற்றி அந்தத் தோலை மூழ்கடித்திருந்தேன். கண்ணால் படித்ததைக் காது கற்றிருக்கவில்லை.

அதன் பிறகுதான் மானிட்டர் வாங்கினேன். என் அறை பத்தடி அகலம். அந்த அகலத்தில் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 112-ம் தங்கி நிற்கும். நடுவில் உட்கார்ந்தால் முதலாவது காணாமல் போகும், இரண்டாவது வீங்கும். கிட்டாரின் திறந்த ஏ தந்தி 110 ஹெர்ட்ஸ். அதாவது ஏ தந்தியைத் தொட்டாலே என் அறை தானாகக் கத்தும். அதைக் கேட்டு ஏ-வைக் குறைத்து மிக்ஸ் செய்தால், வெளியே போய் அது மெலிந்து நிற்கும். இவ்வளவு சின்ன அறையில் எட்டு அங்குலத்தைவிட, 74 ஹெர்ட்ஸ்வரை நேர்மையாக இறங்கும் யமஹா எச்எஸ்5 ஜோடி எனக்குப் போதுமானதாக இருந்தது. கிட்டாரின் தாழ்ந்த ஈ 82 ஹெர்ட்ஸ்தான். மிச்சப் பணத்தில் மூலைகளுக்குத் தடித்த கண்ணாடிக் கம்பளிப் பலகைகள். நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்தினேன். எப்போதும் ஒரே அளவு சத்தம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் வாசிக்கலாம், ஈக்யூவைத் தொடக் கூடாது. புதிய மாடலருக்கு வைத்திருந்த காசை இதற்குச் செலவழித்தேன். கேட்டால் எல்லோருக்கும் இந்த வரிசையையே சொல்வேன்: முதலில் அறை, பிறகு மானிட்டர், கடைசியாக மாடலர்.

ஃப்ளாட் என்பது உண்மையின் இன்னொரு பெயர் என்று நான் நம்பவில்லை. டி65 விளக்கின் கீழ் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. நம் பாட்டைக் கேட்பவர் பஸ்ஸில் போனில்தான் கேட்பார். ஆனாலும் பார்க்கும் இடத்தில் ஒரு பொது வெளிச்சம் இருந்தால்தான், தவறு தோலிலா விளக்கிலா என்று தெரியும்.

பழைய பதிவைத் திறந்தேன். கிட்டாரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். கெய்னைப் பாதியாக்கினேன். ஹெட்போனில் தனியாகக் கேட்டபோது கிட்டார் ஒல்லியாக, கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருந்தது. மிருதங்கத்தோடு சேர்ந்ததும் சரியாக உட்கார்ந்தது. மாமா போன வாரம் வந்தபோது மானிட்டரில் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், தொப்பி விழும் இடத்தில் மட்டும் விரலால் நாற்காலிக் கையைத் தட்டினார். கிட்டாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.