நூறு நாள் மேஸ்திரிகள்

ஜப்பானின் அரிசி மதுவான சாக்கேயைப் பற்றிய எந்தப் பேச்சிலும் நம்பு, தன்பா, எச்சிகோ என்ற மூன்று பெயர்கள் சீக்கிரமே வந்துவிடும். நம்பு வடக்கே இவாத்தே மாகாணத்தைச் சேர்ந்தது. தன்பா ஹியோகோவின் மலைநாடு. எச்சிகோ இன்றைய நீகாத்தா. மூன்றும் தோஜிகளின் பெரிய மரபுகள். தோஜி என்றால் சாக்கே ஆலையின் தலைமை மேஸ்திரி. இஷிகாவா மாகாணத்து நோட்டோவை நான்காவதாகச் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

மரபு என்றதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சுவை இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதை ஓரளவுக்கு மேல் நம்ப வேண்டாம். நம்பு நாட்டுத் தோஜி தெற்கே வேலைக்குப் போனால், அந்த ஆலையின் தண்ணீருக்கும் முதலாளியின் நாக்குக்கும் ஏற்றபடிதான் தயாரிப்பார். சுவைக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆளுக்குத்தான் இந்த மரபுகள் உத்தரவாதம் தந்தன.

இவற்றை உருவாக்கியது பனி. அரிசியைப் புளிக்கவைத்துப் பிழியும் இந்தத் தொழிலுக்குக் குளிர் நல்லது: கெடுக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிக் கிடக்கும், ஈஸ்ட் அவசரப்படாது. 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஷோகன் அரசும் குளிர்காலம் தவிர மற்றப் பருவங்களில் சாக்கே தயாரிக்கத் தடை போட்டது. அதே குளிரில் வயல் பனிக்குள் புதைந்திருக்க, வேலையின்றி இருந்தவர்கள் மலைநாட்டு உழவர்கள். அறுவடை முடிந்ததும் கூட்டமாகக் கிளம்பி ஆலைகளுக்குப் போனார்கள்; நாற்றுவிடும் காலத்துக்கு ஊர் திரும்பினார்கள். தன்பாவில் இதற்கு ‘நூறு நாள் சம்பாத்தியம்’ என்றே பெயர். உழவு கெடுகிறது என்று அங்கிருந்த பிரபு ஆட்சி இதைக் கட்டுப்படுத்தியபோது, இச்சிஹாரா கிராமத்து செய்பெய் 1800இல் எடோ (இன்றைய டோக்கியோ) வரை போய், அங்கே தங்கியிருந்த பிரபுவிடமே முறையிட்டார். அந்த நாளில் அது தலையைப் பணயம் வைத்த காரியம்.

தன்பாக்காரர்கள் போய்ச் சேர்ந்தது கோபே, நிஷினோமியாக் கரையோரத்து நாடா ஊர்களுக்கு. நிஷினோமியாக் கிணற்று நீரின் அருமை 1840 வாக்கில் தெரியவந்தது. கடின நீர், ஆனால் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும், சாக்கே விறைப்பாக வரும். கியோட்டோவின் ஃபுஷிமியில் நீரும் மென்மை, சாக்கேயும் மென்மை. ஹிரோஷிமாவின் மென்னீரிலோ நொதிப்பு பாதியில் சோர்ந்துவிடும். அங்கே சாக்கே தயாரித்த மியுரா சென்சபுரோ பல ஆண்டுகள் பாடுபட்டு அதற்கு வழி கண்டார். கண்டதை ஒளித்துவைக்காமல் 1898இல் நூலாகவும் வெளியிட்டார்.

ஆலைக்குள் ஏணி நீளமானது. புதிதாக வந்த பையனுக்குச் சாக்கே பக்கம் வேலை இல்லை. மற்றவர்களுக்குச் சோறாக்குவான், பாத்திரம் கழுவுவான், தண்ணீர் சுமப்பான். பிறகு அரிசி அவிக்கும் இடம். வெகு காலம் கழித்தே மேலே உள்ள மூன்று பொறுப்புகள்: தோஜிக்கு அடுத்தவரான காஷிரா, கோஜி (பூஞ்சணம் வளர்த்த அரிசி) அறையை ஆள்பவர், ஈஸ்டைப் பெருக்கும் உறைக்கலவையைக் காப்பவர். எல்லோரும் ஆலையிலேயே படுத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டுக் குளிர்காலத்தைக் கழிப்பார்கள்.

விடியுமுன்பே அடுப்பு எரியும். அவித்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டையாக்கிப் பார்ப்பார் தோஜி. பருக்கையின் மேற்புறம் விறைப்பாகவும் உள்ளே மிருதுவாகவும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முதல்நாள் ஊறவைத்த நேரம் பிசகியிருக்கிறது. உயர்ந்த ரகங்களுக்கு அந்த நேரத்தை நொடிக்கணக்கில் பிடிக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கோஜி அறை. வெளியே உறைபனி, உள்ளே 30 பாகை செல்சியஸுக்கு மேல் வெக்கை. அவித்த அரிசிமேல் பூஞ்சண வித்தைத் தூவி, ஏறக்குறைய இரண்டு நாள், நடு இரவிலும் எழுந்து வந்து கையால் கலைத்துப் பரப்ப வேண்டும். பூஞ்சணம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். இரண்டும் ஒரே தொட்டியில் ஒரே சமயத்தில் நடப்பது திராட்சை மதுவிலோ பீரிலோ காணாத விஷயம். கோஜி சொதப்பினால் பின்னால் எந்தக் கெட்டிக்காரனாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கடிகாரம் இல்லாத நாளில் பாட்டுதான் அளவு. அரிசி கழுவ ஒரு பாட்டு, உறைக்கலவையைத் துடுப்பால் மசிக்க ஒரு பாட்டு. தூக்கத்தை விரட்டவும் அதுவே. நத்தோ எனும் புளித்த சோயா பருவம் முழுக்க விலக்கு. அதன் பாக்டீரியா கோஜியில் தொற்றினால் போச்சு. பெண்களுக்கும் நெடுங்காலம் உள்ளே இடம் தரவில்லை. அதற்கு இப்படியொரு காரணம்கூடக் கிடையாது. இப்போது பெண் தோஜிகள் இருக்கிறார்கள், சாக்கே ஒன்றும் கெட்டுவிடவில்லை.

தரம் பார்க்கும் வேலையில் அரசு நுழைந்தது 1904இல், மது ஆய்வுக்கூடம் தொடங்கி. 1911 முதல் புதுச் சாக்கேக்கு நாடளாவிய மதிப்பீடு நடக்கிறது. நல்ல ஆலைகளின் ஈஸ்டைப் பிரித்தெடுத்து எண் போட்டு எல்லோருக்கும் விநியோகித்தார்கள். ஆறாம் எண் அகிதாவின் அரமாசா ஆலையுடையது, ஏழாம் எண் நாகானோவின் மசுமி ஆலையில் 1946இல் கிடைத்தது. ஒரு வீட்டின் ரகசியம் நாட்டின் சொத்தாயிற்று. தோஜிச் சங்கங்களும் கோடையில் வகுப்பு நடத்துகின்றன, தேர்வு வைத்துத் தோஜித் தகுதி தருகின்றன.

1990 முதல் லேபிளுக்கும் இலக்கணம் வந்தது. தீட்டியபின் அரிசியில் 60 சதவீதமோ அதற்குக் கீழோ மிஞ்சினால் கின்ஜோ. 50க்குள் என்றால் தாய்கின்ஜோ. வாங்குகிறவருக்கு வசதிதான். ஆனால் அந்த எண் மில்லில் எவ்வளவு தவிடாகப் போனது என்று மட்டுமே சொல்கிறது. கோஜி அறையில் விழித்திருந்தவரைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை. எண்ணைப் பார்த்து விலை வைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

1961இல் ஃபுஷிமியின் கெக்கெய்கான் ஆலை, குளிரூட்டிய கட்டடத்தில் ஆண்டு முழுவதும் தயாரிக்கத் தொடங்கியது. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போனார்கள். பல இடங்களில் இன்று தோஜி மாதச் சம்பளக்காரர் அல்லது முதலாளியே. யமகுச்சியின் தஸ்ஸாய் சாக்கே, தோஜியே இல்லாமல், ஊழியர்களையும் அளவைக் குறிப்புகளையும் கொண்டு உலகச் சந்தைக்குப் போனது.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கைத்திறனைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி நோட்டோவில் பூமி அதிர்ந்து ஆலைகள் இடிந்திருந்தன. இடிபாட்டுக்குள்ளிருந்து மீட்ட அரிசியையும் புளித்துக்கொண்டிருந்த கலவையையும் வேறு ஊர் ஆலைகள் ஏற்றுக்கொண்டன. நோட்டோக்காரர்கள் அங்கே போய், பழக்கமில்லாத தண்ணீரில் தங்கள் சாக்கேயைத் தயாரித்து, தங்கள் பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.