'முதல் பெண்' வரிசை

மகளிர் தினம் வந்துவிட்டால் போதும், இதழ்களின் கலைப் பக்கங்களில் 'முதல் பெண்'கள் வரிசைகட்டி வந்துவிடுகிறார்கள். இதனால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். கதவு திறந்த நாள் பதிவாகிறது. பாட்டு கற்கும் சிறுமிக்கு ஒரு தெம்பு கிடைக்கிறது. சரி.

எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்குகிறார்கள்? அங்கேதான் கோளாறு. பொதுமேடையில் பாடத் துணிந்த பிராமணப் பெண்களில் முன்னோடி டி.கே. பட்டம்மாள். கட்டுரைகள் கைமாறக் கைமாற, சாதி உதிர்ந்து 'மேடையேறிய முதல் பெண்' ஆகிவிடுகிறார். அவருடைய பல்லவித் திறமைக்கு இந்தப் பொய் எதற்கு? அவர் பிறந்தது 1919இல். அதற்கு முன்பே கோயம்புத்தூர் தாயியும் சேலம் கோதாவரியும் பாடிய இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்களே போய் உட்கார்ந்தார்கள். இவர்கள் பொழுதுபோக்காகப் பாடியவர்கள் அல்லர். பாட்டும் வாத்தியமும் இவர்களுக்குப் பிழைப்பு. தேவதாசி மரபில் வந்தவர்கள் என்ற ஒரே காரணத்தால் கணக்கில் விடுபட்டுப் போகிறார்கள். குடும்ப கௌரவம் தொடங்கும் இடத்தில்தான் நம் கட்டுரையாளர்கள் 'ஒன்று' போடுகிறார்கள்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பாடிச் சம்பாதித்த காசு அது. அங்கே நடந்த ஆராதனையிலோ பெண்கள் பாட இடமில்லை. அவர் பெண்களைத் திரட்டி, தனியாக ஆராதனை நடத்தினார். இப்படி ஒருவரை எந்த 'முதல்' பெட்டிக்குள் அடைப்பது?

1968இல் எம்.எஸ். சுப்புலட்சுமி மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் பெண் ஆனார். தகவல் சரிதான். ஆனால் அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அந்த வீட்டில் எம்.எஸ். மூன்றாம் தலைமுறை. 1928இல் பிறந்த மியூசிக் அகாடமி ஒரு பெண்ணுக்கு அந்த விருதோடு வரும் தலைமை நாற்காலியைத் தர நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்டது என்பதைத்தான் அந்த 'முதல்' நமக்குச் சொல்கிறது. அதைப் போய்ப் பெண்களின் சாதனைக் கணக்கில் எழுதுகிறோம்!

பணத்தைப் பற்றியோ பேச்சே இல்லை. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்துக்குக் கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். தொழில்முறைக் கலைஞர் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மார்ச்சில் இன்னொரு 'முதல்' பெண்ணை அச்சேற்றுமுன், அதே பாட்டைப் பாடி அவருக்கு முன்பே சம்பாதித்தவர் யார் என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.