செயற்கூறுகளுக்குப் பெயரிடலும் தமிழிலக்கணமும்: ‘எழில்’ நிரல்மொழியை முன்வைத்து

முன்னுரை

கொச்சியை அடுத்த காக்கநாட்டில் 2004-இல் தொடங்கப்பட்ட இன்ஃபோபார்க் போன்ற வளாகங்களில், மலையாளமும் தமிழும் பேசுவோர் அருகருகே அமர்ந்து நிரல் எழுதுகின்றனர். பேச்சு தாய்மொழியில் நிகழ்ந்தாலும், செயற்கூறுகளுக்கு அவர்கள் இடும் பெயர்கள் ஆங்கிலமாகவே அமைகின்றன. தமிழில் பெயரிட முனைவோர்க்குக் கலைச்சொற் பஞ்சமே தடை என்று கருதுவது வழக்கம். அதனினும் பெரிய தடை இலக்கண வரையறையின்மையே என்பதை ‘எழில்’ நிரல்மொழியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரிடு மரபுகளின் பின்புலம்

நிரல் நூலகங்களில் வழங்கும் பெயர்கள் கருவிகளின் எல்லைக்குள் உருவானவை. சி மொழியின் 1989-ஆம் ஆண்டுத் தரவரையறை, புறப்பெயர்களில் முதல் 6 எழுத்துகளுக்கு மட்டுமே உறுதியளித்தது. சரத்தின் நீளத்தைக் காணும் செயற்கூறு ‘ஸ்டிரிலென்’ என்று குறுகி நிற்பது இச்சிக்கன மரபின் அடையாளமாகும். 1999-இல் அவ்வெல்லை 31 எழுத்துகளாக உயர்ந்தது. பழைய பெயர்களோ மாறவில்லை.

பின்னர் எழுந்த மரபுகள் இரண்டு. சொற்களை அடிக்கோட்டால் பிரித்தல் ஒன்று. அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கல் மற்றொன்று. பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடு இல்லாத தமிழுக்குப் பின்னது பொருந்தாது. 2009-இல் வெளியான ‘கோ’ மொழியில் இது வெறும் அழகியல் சிக்கலன்று. முதலெழுத்து பேரெழுத்தாக அமைந்த பெயரையே பிற தொகுப்புகள் அழைக்க இயலும். ஆகவே, உரோமப் பேரெழுத்து ஒன்றை முன்னொட்டாக ஏற்றாலன்றித் தமிழ்ப்பெயர் தன் தொகுப்பை விட்டு வெளிவர இயலாது.

எழிலின் பெயர்கள்

முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009-இல் ஆய்வுக்கட்டுரை வழி அறிமுகப்படுத்திய எழில், தமிழ்த் தொடரமைப்பை மதித்த முயற்சியாகும். இதில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் திறவுச்சொல் பின்னும் வருகின்றன. ‘ஆனால்’ மாறுபாட்டுப் பொருள் தரும் இடைச்சொல்லாயிற்றே எனச் சிலர் ஐயுறலாம். ‘மழை பெய்வதானால்’ என்பதுபோல், நிபந்தனைக்குப் பின்வரும் ‘ஆனால்’ வினையெச்சமே. இத்தேர்வு இலக்கணத்திற்கு இயைந்தது.

‘பதிப்பி’, ‘நிறுத்து’, ‘தொடர்’, ‘முடி’ என்பன ஏவல்கள். நன்னூலார் வினைப்பகுதிகளை ஏவல் வடிவிலேயே 23 வாய்பாடுகளாகக் காட்டுவதால், கட்டளைக்கு இதனினும் சுருங்கிய வடிவம் தமிழில் இல்லை எனலாம். எனினும் ‘தொடர்’, ‘முடி’ ஆகியன பெயர்ச்சொற்களுமாம். செயலோ பொருளோ என்பதை இடமே உணர்த்த வேண்டியுள்ளது. ‘பின்கொடு’ என்பது மதிப்பைத் திருப்பித் தருதலைக் குறிக்கிறது. தமிழ்ச் செவிக்கோ ‘பிறகு கொடு’ என்றே ஒலிக்கிறது. ‘கோப்பை_திற’ என்பதில் இரண்டாம் வேற்றுமை ஏற்ற ‘கோப்பு’, தேநீர்க் கோப்பையாக மயங்குகிறது. உருபைத் தொகுத்துக் ‘கோப்பு_திற’ என்றிருப்பின் இம்மயக்கம் நேராது.

புணர்ச்சியிலும் ஒருமையில்லை. ‘நிரல்பாகம்’ மரபுப்படி ‘நிரற்பாகம்’ ஆதல் வேண்டும். புணர்க்காது விடுதல் சொல்லெல்லையைத் தெளிவாக்கும் என்பது உண்மையே. ஆனால் எதுவாயினும் விதி ஒன்றாக இருத்தல் வேண்டும். ‘வரிசைப்படுத்து’, ‘வரிசைபடுத்து’ என்பன வாசகர்க்கு ஒரே சொல்லின் சரியும் பிழையும். கணினிக்கோ இரு வேறு பெயர்கள். ஓர் ஒற்று விடுபட்டாலும் நிரல் இயங்காது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று விதிகளை முன்மொழியலாம்.

1. செயல்புரியும் கூற்றுக்கு ஏவலும், மதிப்பை மட்டும் தரும் கூற்றுக்குப் பெயரும் இடுதல்.
2. வேற்றுமை உருபைத் தொகுத்தல்.
3. அடிக்கோட்டைச் சொல்லெல்லையாகக் கொண்டு, அவ்விடத்தில் ஒற்று மிகாது விடுதல்.

எழிலின் குறைகளை அதனை ஆக்கியோர் மீது சுமத்துதல் முறையன்று. ஏவலையும் தொகையையும் புணர்ச்சியையும் நாள்தோறும் வகுப்பறையில் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் இவ்விதிகளை வகுத்து அவர்கட்கு வழங்கியிருத்தல் வேண்டும். நாம் அதைச் செய்யாதவரை, தமிழ் நிரலின் இலக்கணத்தைத் தனியொருவரின் செவியே தீர்மானிக்கும்.