நாலு வயசுக்குக் குறைவா? அப்ப மாமாவும் உள்ளே வரலாம்!

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் கிட்ஸ் கிளப் வாசலில் தொங்கிய அந்த அறிவிப்பை எழுதினவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் ஆளைக் கண்டுபிடித்தால் நாவற்குடாவுக்குக் கூட்டி வந்து, நண்டுக்கறியும் சோறும் போட்டு, போகும்போது ஒரு முட்டி எருமைத் தயிரும் கட்டிக் கொடுத்து அனுப்புவேன். பலகையில் இருந்தது இரண்டே வரி. கிளப் 4 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு. 4 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வாசித்தீர்களா? அந்த இரண்டாவது வரியை இன்னொருக்கா வாசியுங்கள். பெரியவர் ஒருவர்! கூடவே! தலை நரைத்து, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற ஒரு மனிசனை, வர்ணமும் களிமண்ணும் ஓலையும் மணலும் கிடக்கிற அறைக்குள்ளே சட்டப்படி, மரியாதையாக, யாரும் சிரிக்க முடியாதபடி விடுகிற வரி அது!

பொறுங்கள், மூச்சு வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் சொல்கிறேன். லண்டனில் இருக்கிற அக்கா குடும்பம் ஆகஸ்ட் லீவுக்கு வந்திருந்தது. பெரியவனுக்கு 13 வயது, நடுவிலானுக்கு 7, சின்னவளுக்கு மூன்றே முக்கால். அங்கே அவர்களுக்கு லீவு விழுகிற நேரத்தில்தான் இங்கே கிழக்குக் கடல் தூங்குகிறது. வடகீழ்ப் பருவமழை வர இன்னும் மாதங்கள் கிடக்கும், கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். விடியற்காலையில் வானைப் பிடித்து நாவற்குடாவிலிருந்து கிளம்பி, கல்லடிப் பாலத்தால் வாவியைத் தாண்டி, டவுனைத் தாண்டி, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, கிரான் என்று ஒவ்வொரு ஊர்ப் பேரையும் நான் உரத்துச் சொல்ல, நடுவிலான் ஒவ்வொன்றையும் தன் லண்டன் நாக்கால் கடித்துத் துப்ப, வாழைச்சேனைப் பக்கம் போய்ச் சேரும்போது வானுக்குள் எல்லாருக்கும் வயிறு நோகச் சிரிப்பு. மட்டக்களப்பிலிருந்து 35 கிலோமீற்றர்தான். ஆனால் அந்த 35 கிலோமீற்றர் தாண்டி லீவு கழிக்கலாம் என்பது சண்டைக் காலத்தில் எங்கள் யாருடைய கணக்கிலும் இருந்ததில்லை. 2004 சுனாமி மிச்சம் மீதியையும் வழித்துக்கொண்டு போனது. இப்போது நிற்கிற பெரிய ஹோட்டல்கள் எல்லாம் 2009க்குப் பிறகு எழும்பினவை.

பாசிக்குடாவைக் காணாதவர்கள் ஒருக்கா நினைத்துப் பாருங்கள்! பிறை வடிவில் வளைந்த கரை. வெளியே பவளப்பாறை அலையை மறித்து நிற்கிறது. நூறு மீற்றருக்கு மேலே கடலுக்குள் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. குனிந்தால் உங்கள் கால்விரல் பத்தும் தெரியும், விரலுக்கிடையால் ஓடுகிற பொடிமீன் தெரியும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடலுக்குப் போகிற தாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அக்காவுக்கு அதுவும் போதாது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு அவவுக்கு மனப்பாடம்: தண்ணீரில் மூழ்கிச் சாகிறவர்களின் வீதம் ஆகக் கூடுதலாக இருப்பது 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில்தான். அதனால் கடலோ பூலோ, சின்னவளின் கை யாரோ ஒருவருடைய கைக்குள் இருக்க வேணும் என்று பெரிய உத்தரவு.

அக்கா லண்டனில் நேர்சரி ஒன்றில் வேலை செய்கிறவ. அறிவிப்பைக் கண்டதும் நான், "என்னக்கா இது, மூண்டு மாசம் குறைஞ்சதுக்கு ஒரு பிள்ளையைத் தனிய விடாம மறிக்கிறாங்க?" என்று வாய் திறந்தேனோ இல்லையோ, வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டா. "டேய் தம்பி, அது சும்மா போட்ட எல்லையில்ல. இங்கிலாந்தில சட்டமே இருக்கு. ரெண்டு வயசுக்குக் குறைஞ்ச மூண்டு பிள்ளைக்கு ஒராள் நிக்க வேணும். ரெண்டு வயசுப் பிள்ளையள் அஞ்சு பேருக்கு ஒராள். முந்தி நாலுதான், 2023இல அஞ்சாக்கினவங்கள். மூண்டு வயசு தாண்டினா எட்டுப் பேருக்கு ஒராள் காணும். வயசு குறையக் குறைய ஆக்கள் கூட வேணும், விளங்குதா? பம்பர்ஸ் மாத்தோணும், நித்திரையாக்கோணும், பசிக்குதோ வயித்துக்குத்தோ எண்டு அழுகையை வச்சே கண்டுபிடிக்கோணும். நாலு வயசெண்டா தானே வந்து சொல்லும், ஒண்ணுக்கு வருதெண்டு." கணக்கு வாத்தியாரான எனக்கு அந்த விகிதங்களைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. என்ன அழகான கணக்கு! எங்கள் பாடப்புத்தகத்தில் மேசன்மாரையும் சுவரையும் வைத்து எத்தனை காலம்தான் விகிதம் படிப்பிப்பது?

மறுகா கேள்வி வந்தது: சின்னவளோடு யார் உள்ளே இருப்பது? அத்தான் பனைமரத்துக்குக் கீழே கதிரையைச் சரித்துப் போட்டுவிட்டார். அக்காவுக்கு எண்ணெய் மசாஜ் பதிவாகிவிட்டது. நான் கை உயர்த்தினேன். என் வகுப்புப் பிள்ளைகள் விடை தெரிந்தால் எழும்பி நின்று கையை ஆட்டுவார்களே, அப்படி. "வெக்கமில்லையா கா உனக்கு?" என்று அக்கா கேட்டா. இல்லை, சத்தியமாக இல்லை. வெட்கத்தை வானிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

உள்ளே போனால்... ஐயோ, அந்த மணம்! தண்ணி வர்ணமும் சன்கிறீமும் தேங்காய்நாரும் கலந்த மணம். பொறுப்பாக நின்றது வாழைச்சேனைப் பிள்ளை ஒருத்தி. "சேர், செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்க, வந்து இஞ்ச இருங்க" என்று ஒரு அடி உயரமான நாற்காலியைக் காட்டினா. இருந்தேன். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. ஏசி கொஞ்சம் கூடுதல்தான், பாட்டுகள் முழுக்க ஆங்கிலம்தான், அதையெல்லாம் யார் கவனித்தது? அந்தப் பிள்ளை ஓலைக்கீற்றை எடுத்துக் கிளி பின்னத் தொடங்கினா. எனக்குள்ளே இருந்த பழைய நாவற்குடாப் பொடியன் துள்ளி எழும்பிவிட்டான். "கொண்டாங்க கா இஞ்சால" என்று வாங்கி, கிளி, பாம்பு, ஊதி, காற்றாடி என்று பின்னித் தள்ள, ஜேர்மன்காரப் பிள்ளை ஒன்று, கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் இரண்டு, காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு வாண்டு, எங்கள் நடுவிலான் எல்லாரும் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு மொழியில் "எனக்கு, எனக்கு!" என்று கத்த, சின்னவள் என் தோளில் ஏறி நின்று, "இது என்ர மாமா!" என்று ஊருக்கே அறிவித்தாள் பாருங்கள், அந்தக் கணத்தில் எனக்கு அதிபர் பதவி கொடுத்திருந்தாலும் எழும்பிப் போயிருக்க மாட்டேன்! இன்னும் இருக்கிறது, கேளுங்கள். அடுத்தது புதையல் வேட்டை. தேத்தண்ணியில் ஊறவைத்துக் காயவிட்ட பழுப்புக் கடதாசியில் வரைபடம், கரை முழுக்கச் சிவப்புத் துணி கட்டின கம்புகள், எங்கேயோ மணலுக்குள்ளே புதையல், கொள்ளைக்காரத் தலைவனாக யாராவது வேணும் என்று அந்தப் பிள்ளை பார்வையைச் சுழற்ற, அது என்னில் வந்து நிற்க, ஐந்து நிமிடத்தில் எனக்குக் கறுப்பு வர்ணத்தில் முறுக்கு மீசை, ஒரு கண்ணுக்கு மூடி, தலையில் கடதாசித் தொப்பி! ஓடினேன், விழுந்தேன், மணலில் உருண்டேன், நண்டு வளையைப் புதையலென்று நினைத்துக் கையை விட்டு அலறினேன், பிள்ளைகள் என் முதுகில் ஏறி என்னைக் கைதாக்கினார்கள், கடைசியில் புதைந்திருந்த முட்டியைத் தோண்டி எடுத்தால் உள்ளே எள்ளுருண்டை, எள்ளுருண்டை! மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த மீசையோடேயே போய் வரிசையில் நின்றிருக்கிறேன். வெயிற்றர் பொடியன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "கப்டன், சூப் எடுப்பீங்களா?" என்று கேட்கும் வரைக்கும் எனக்கு அது ஞாபகமே இல்லை.

சரி, பெரியவன்? 13 வயது. பலகை 12இல் நின்றுவிட்டது. வாசலில் கொஞ்ச நேரம் தொங்கின முகத்தோடு நின்றான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் "சின்னப் பிள்ளையள்ர இடம்" என்று அவன் தோளைக் குலுக்கின விதத்தில் ஒரு பெருமையும் இருந்ததே! பின்னேரம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களோடு அத்தானும் அவனும் போனார்கள். திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு பாரைக்குட்டி, முகத்தில் பலகையின் நினைவே இல்லை. பதின்மூன்று வயதுப் பொடியனைக் காற்றாடி ஒட்ட வைத்தால் அவனுக்கும் பாவம், பக்கத்தில் இருக்கிற நாலு வயசுக்கும் பாவம்.

வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் விசாரித்தேன், கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. 1950இல் மயோர்க்காத் தீவில் கூடாரம் அடித்துத் தொடங்கின கிளப் மெட் என்கிற பிரெஞ்சுக்காரர் 1967இலேயே பிள்ளைகளுக்கென்று மினி கிளப் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் வயதைப் பிரித்த விதத்தைப் பாருங்கள்: 4 மாதம் முதல் 23 மாதம் வரை ஒரு கூட்டம், 2, 3 வயது இன்னொன்று, 4 முதல் 10 வரை மினி கிளப், 11 முதல் 17 வரை வளர்ந்த பொடியன்களுக்கு. நாலு தொடக்கம் பத்துக்குக் காசு அறைக் கணக்கிலேயே சேர்ந்துவிடும், அதைவிடச் சின்னதுகளுக்குப் புறம்பாக அறவிடுவார்கள். அக்காவின் விகிதக் கணக்கைக் கேட்ட பிறகு அது ஏனென்று கேட்கத் தேவையே இல்லை. ஹவாயில் 2011இல் திறந்த டிஸ்னியின் அவுலானி ஹோட்டலிலே 3 முதல் 12 வரை, ஆனால் பம்பர்ஸ் விட்ட பிள்ளையாக இருக்க வேணும். அங்கே போயிருந்தால் எங்கள் சின்னவள் தனியாகவே உள்ளே போயிருப்பாள், என் கதி என்னவாகியிருக்கும்! பாசிக்குடாவே, நீ வாழ்க!

எங்கள் காலத்து நாவற்குடாவில் லீவு விட்டால் வாவிக்கரையில் இரண்டு வயதும் பதினாறு வயதும் ஒரே கூட்டம். பெரிய பெட்டைகளின் இடுப்பில் தம்பிமார், பெரிய பொடியன்கள் தோணியில், நடுவில் நாங்கள் இறால் துழாவிக்கொண்டு. யாரும் வயது கேட்கவில்லை, யாரும் எண்ணவும் இல்லை. இருட்டினால் ஒவ்வொரு குசினியிலிருந்தும் கூப்பிடுவார்கள். அது ஒரு சொர்க்கம்தான், ஆனால் எண்ணாமல் விட்ட சொர்க்கம். பிள்ளைகளுக்கென்றே ஓர் இடம் வேணும் என்பதை ஹோட்டல்காரரிடம் மட்டக்களப்பு படிக்கவும் இல்லை. 1996இல், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் திறந்து, தமிழ் முஸ்லிம் கிராமங்களிலிருந்து பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வந்து, ஒன்றாக வரையவும் நடிக்கவும் பாடவும் விட்ட ஊர் இது.

இப்ப நீங்கள் பிள்ளைகளோடு போவதாக இருந்தால், தயவு செய்து, அறை பதிய முதல் ஒரு ரெலிபோன் எடுங்கள். எத்தனை வயதிலிருந்து எத்தனை வயது, குறைந்தால் பெரியவர் கூட வரலாமா, தாய் தகப்பன்தான் வேணுமா மாமா மாமி காணுமா, மத்தியானம் பூட்டுவார்களா என்று எல்லாம் கேளுங்கள். நாங்கள் போன இடத்தில் சாப்பாட்டு நேரம் பூட்டினார்கள், அது நல்லதுதான், எனக்கும் முதுகு நிமிர்த்த வேண்டியிருந்தது. பிள்ளையின் வயதில் மட்டும் பொய் சொல்லாதீர்கள். ஏன் பொய்? குறைந்த வயதுதான் வரம்!

ஆனால் ஒரு கவலை. கார்த்திகையில் சின்னவளுக்கு 4 முடிகிறது. வருகிற ஆகஸ்டில் அவள் தனியாக உள்ளே போய்விடுவாள், நான் அத்தானுக்குப் பக்கத்தில் பனைமரத்துக்குக் கீழே. யோசித்து யோசித்துப் பார்த்தேன், மறுகா கனடாவில் இருக்கிற தங்கச்சிக்கு எடுத்தேன். அவளுடைய மகனுக்கு அப்போது சரியாக இரண்டே கால் வயது வரும். "நீங்க எல்லாரும் வாங்க கா, ரிக்கற் காசில அரைவாசி நான் தாறன்" என்றேன். "அண்ணே, உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பம்பர்ஸ் மாற்றத் தெரியுமா என்று கேட்டாள். பழகிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.