மடக்குக் கத்தி: பளபளப்பா, பூட்டா?

வேலூர்ப் பக்கத்து ஏரியில் தூண்டில் போடவோ, ஏலகிரியில் கூடாரம் அடிக்கவோ மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா? அலகின் பளபளப்பில் மயங்காதீர்கள், மூட்டைப் பாருங்கள். பூட்டு இல்லாத கத்தி, முனையால் குத்தும்போது மடங்கி உங்கள் விரலையே வெட்டிவிடும். பிரான்சு நாட்டு ஓபினெல் கத்தி 1890இல் பிறந்தது. அதற்குப் பூட்டு வளையம் வந்ததோ 1955இல்தான்! வளையத்தைத் திருகினால் விரித்த அலகு மடங்காது. இது பெரிய நிறை. குறையும் உண்டு. மரப்பிடி நீரில் ஊறினால் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். கார்பன் எஃகு அலகு எளிதில் துருப்பிடிக்கும். ஆகவே மீன் அறுக்க, குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு அலகுள்ளதையே கேட்டு வாங்குங்கள். ஆம்பூர்த் தோலில் தைத்த உறை அழகுதான். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கத்தியைக் கழுவித் துடைத்து, நன்கு உலர்ந்த பின்பே உறையில் இடுங்கள்.